ஒற்றை ரூபாய் வைக்காமல் அனுப்பிய பணம்

தம்பி,

உனக்கு வேலை போய் இரண்டு மாதமாகிறது என்று எனக்குத் தெரியும். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சொல்ல வேண்டியதைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசிவரை சொல்லாமலே நின்றுபோன ஒரு கடிதம் நம் வீட்டில் உண்டு. அதைப் பற்றித்தான் உன்னிடம் சொல்லப்போகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் படி.

போன வாரம் உன் பணம் வந்தது. அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தபோது போன் ஒரு தரம் அதிர்ந்தது. பேங்க் மெசேஜ். உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வந்துடுச்சுல்ல? அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்றார். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று. கத்தாருக்குப் போன புதிதில் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாய். சாம்பாரில் உப்பு கூடிப்போனதைக்கூடச் சொல்லிச் சிரிப்பாய். பிறகு வாரம் இரண்டு வாரமானது. அப்புறம் 'அம்மா பணம் வந்ததா' என்று ஒரு வரி மெசேஜ் மட்டும். நானும் 'வந்தது' என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அதோடு நாம் இரண்டு பேரும் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் தபன் வந்தான். ஊரில் ஒரு மாத லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பிப் போகிறானாம். ஹேவ்லாக் தீவிலிருந்து போர்ட் பிளேரில் கப்பல் இறங்கியதும் நேராக டெய்ரி ஃபார்மில் நம் வீட்டுக்கு வந்துவிட்டான். நீங்கள் இரண்டு பேரும் ஹேவ்லாக் ரிசார்ட்டில் வேலை செய்த காலத்தில் உட்காருவானே, அதே இடத்தில் கதவோரமாக உட்கார்ந்துகொண்டு, "ஆன்ட்டி, மச்லி ஹை கியா?" என்று கேட்டான். மீன் இருந்தது. சோறு போட்டேன். "உன்கூட அவனும் வந்திருக்கலாமே, அவனுக்கு லீவு தரலையா?" என்று கேட்டேன். "லீவா? அவனுக்கு இப்ப பூரா லீவுதான் ஆன்ட்டி" என்றான். சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், அதற்குப் பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டான். "மத் போல்னா ஆன்ட்டி, நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க. கொன்னுடுவான்" என்று கெஞ்சினான். அவனைத் திட்டாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

நீ வேலை செய்த ஓட்டல் சமையல்கட்டு வேறொரு காண்ட்ராக்டர் கைக்குப் போனது, பழைய ஆட்களை எல்லாம் நிறுத்தியது, நீ தபன் அறையில் அவன் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வது, பகலில் லாரியில் மூட்டை ஏற்றப் போவது, இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று காலையில் போய்த்தான் தெரிந்துகொள்வது, எல்லாம் சொன்னான். மாதத்தின் முதல் வாரம் வந்தால் யாரிடமாவது கடன் வாங்கி எனக்கு அனுப்புகிறாயாம். "நான் கேட்டேன் ஆன்ட்டி. அம்மா கேக்குறாங்களாடா, ஏண்டா இப்படிப் பண்றேன்னு. பணம் போகலைன்னா அம்மா பயந்துடுவாங்கன்னு சொன்னான்."

நான் எழுந்து உள்ளே போய் நின்றேன். டீக்கு வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். நீ தபனிடம் சொன்ன அந்த வார்த்தை என் அப்பா சொன்னது. அவர் சொல்லி நான் பிடித்துக்கொண்டு, கடைசியில் என் அக்காவை இழந்தது அந்த வார்த்தையால்தான். நீ யாரிடமும் கேட்காமலே அது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பெரியம்மாவைப் பற்றி நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இலங்கைக்குப் போய்விட்டு வந்த அன்று நீ கப்பல் துறைக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டு, "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாய். "நல்லா இருக்காங்க. உன்னைக் கேட்டாங்க" என்றேன். தேயிலைப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்து, பெரியம்மா கொடுத்தது என்றேன். அது அட்டன் பஸ் நிலையத்துக் கடையில் நான் வாங்கியது. நடந்ததை இப்போது சொல்கிறேன்.

உன் தாத்தா இலங்கை மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்தபோது நாங்கள் 'அங்கே', அதாவது இந்தியா பக்கம் விழுந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. அக்கா மாரியாயிக்குப் பதினெட்டு. அந்த வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் புருஷன் வீட்டார் 'இங்கே' பக்கம் விழுந்திருந்தார்கள். அம்மா விடியற்காலையில் கொழுந்து பறிக்க மலை ஏறிவிடுவார். என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, ரொட்டி சுட்டுக் கொடுத்து வளர்த்தவள் அக்காதான். அட்டன் ஸ்டேஷனில் எல்லாரும் அழுதார்கள். அவள் மட்டும் அழவில்லை. என் கன்னத்தைக் கிள்ளி, "ஊருக்குப் போறவளே, போய்ச் சேந்ததும் எனக்குக் காசு அனுப்பு. முட்டாய் வாங்கித் திங்கணும்" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நான் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டேன்.

ஊர் என்று நாங்கள் வந்து சேர்ந்தது இந்த அந்தமானில் ஹட் பே. கப்பலிலிருந்து பார்த்தபோது காடும் கடலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. தாத்தாவுக்குப் பனை எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று, "அக்காவுக்குக் காசு" என்று நான் பிடிவாதம் பிடித்தேனாம். தாத்தா சிரித்துக்கொண்டே ஒரு ரூபாய் நாணயத்தை என் கையில் கொடுத்தார். நான் அதை நோட்டுத்தாளில் மடித்துக் கொடுத்தேன். அவர் தன் பங்காகக் கொஞ்சம் நோட்டுகளைச் சேர்த்துக் கட்டினார். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, தைப் பொங்கலுக்கு முன்னால் பணம் போகும். நல்லதுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒற்றை ரூபாய் சேர்த்து வைப்பதும், சாவுக்குக் கொடுத்தால் அந்த ஒன்று வைக்காமல் விடுவதும் நம்மவர்கள் வழக்கம் என்று உனக்குத் தெரியும். அக்காவுக்குப் போகும் பணத்தில் அந்த ஒன்றை எப்போதும் நான்தான் வைப்பேன். தாத்தா போன பிறகு முழுப் பணமும் என்னுடையதானபோதும் அந்த ஒன்றைத் தனியாக மடித்தே வைத்தேன்.

பணம் போன வழியை நினைத்தால் இன்றைக்கு உனக்குச் சிரிப்பு வரும். ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேர் பஜாரில் ஒரு கடைக்கு. அங்கிருந்து கப்பலில் மெட்ராஸ். மெட்ராஸுக்கும் கொழும்புக்கும் சாமான் தூக்கிக்கொண்டு பறந்து வியாபாரம் செய்கிறவர்களைக் குருவி என்பார்கள். அப்படி ஒரு குருவி கையில் அது கடல் தாண்டும். கொழும்பில் நோட்டெல்லாம் அந்த ஊர் ரூபாயாக மாறும். என்னுடைய நாணயம் மட்டும் மாறாமல், மடித்த காகிதத்தோடு அட்டனில் ஒரு துணிக்கடைக்குப் போய்ச் சேரும். அக்கா மலையிறங்கி வந்து வாங்கிக்கொள்வாள். ஒரு வருஷம் குருவி என் நாணயத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு, இலங்கை நாணயம் ஒன்றை வைத்துக் கொடுத்துவிட்டார். அக்காவிடமிருந்து காரசாரமாகக் கடிதம் வந்தது. "அப்பா, குருவி காசத் தின்னுருச்சு. நோட்டு கொறஞ்சா பரவாயில்ல. அந்தமான்காரி வைக்கிற ரூவா கொறையக் கூடாது. நடுக்கடல்ல போய்க் குந்திக்கிட்டு இருக்கா. இருக்காளா முழுகிட்டாளான்னு நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?" தாத்தா சத்தமாக வாசித்தார், வீடே சிரித்தது.

கடிதம் தனியாகப் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. பணத்தோடுதான் கடிதம். தாத்தா அதில் கண்டிப்பாக இருந்தார். "வெறுங்கடுதாசி போடாதே. பணமில்லாம கடுதாசி வந்தா, என்னமோ கஷ்டம்னு பயந்துடுவாங்க" என்பார். ஒரு வருஷம் அவர் மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்த ஆறு மாதமும் அக்காவுக்கு ஒரு வரி எழுதவில்லை. கை கூடி, சம்பளம் வந்து, பணம் சேர்ந்த பிறகு, 'நாங்கள் எல்லாரும் சுகம்' என்று எழுதினார். கை ஒடிந்ததை எழுதவே இல்லை. அதை ஒரு பெருமையாக நினைத்தே நான் வளர்ந்தேன். காலேஜில் படித்தேன், அரசாங்க வேலைக்கு வந்தேன், கோப்புகளில் பக்கம் பக்கமாக நோட்டிங் எழுதக் கற்றுக்கொண்டேன். அக்காவுக்கு வெறுங்கடிதம் ஒன்று எழுதக் கற்றுக்கொள்ளவில்லை.

சுனாமியைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. நீ சித்தப்பா வீட்டில் தங்கி இங்கே போர்ட் பிளேரில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு உன்னைக் கூட்டிப்போக நான் வந்திருந்தேன். சனிக்கிழமை கப்பலில் இடம் கிடைக்கவில்லை, திங்கள்கிழமை போகலாம் என்று இருந்தோம். நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஹட் பே வீட்டில் உன் அப்பாவும் தேவியும் இருந்தார்கள். அப்பா வந்தார். உன் தங்கை வரவில்லை. அவளுக்கு ஆறு வயது. பெரியம்மா குருவி கையில் கொடுத்தனுப்பிய மஞ்சள் கவுனை அவள் தீபாவளிக்குப் போட்டாள், கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் கேக் சாப்பிடப் போகவும் போட்டாளாம், போனில் சொன்னாள். அன்றைக்குக் காலையில் என்ன போட்டிருந்தாள் என்று உன் அப்பாவிடம் நான் இதுவரை கேட்டதில்லை.

வீட்டோடு எல்லாம் போனது. அட்டன் துணிக்கடையின் போன் நம்பர் எழுதிய நோட்டும் போனது. தோட்டத்து விலாசம் மட்டும் எனக்கு மனப்பாடம், அது போதும் கடிதம் போட. அரசாங்கம் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தபோது எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். 'அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள்' என்று எழுதுவேன். 'நாங்கள் எல்லாரும் சுகம்' என்று எழுதியே பழகிய கை. அதற்கு மேல் போகாது. தேவி இல்லை என்ற இரண்டு வார்த்தையை என் கையால் எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது. ஆபீஸ் பாரத்தில் எழுதியாகிவிட்டது, இறந்தவர் பெயர், வயது, உறவு என்று. அக்காவுக்கு எழுத முடியவில்லை. அதோடு, கையில் அனுப்பப் பணமும் இல்லை. வெறுங்கடிதம் போடக் கூடாதே என்ற தாத்தாவின் பேச்சு எனக்கு நல்ல சாக்காக இருந்தது. அந்த வருஷம் பொங்கலுக்குப் பணம் போகவில்லை.

பிறகு தேவிக்காக அரசாங்கம் கொடுத்த பணம் வந்தது. பாஸ்புக்கில் அந்த வரியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நீ படிக்க வேண்டும், வீடு வேண்டும் என்று உன் அப்பா சொன்னது நியாயம்தான். ஆனாலும் அதில் ஒரு பங்கை அக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குப் பட்டது. என்னை வளர்த்தவள் அவள். தேவி அவளுக்கும் மகள்தான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பிள்ளை பேரைச் சொல்லி நாலு பேருக்கு அவள் சோறு போடட்டும் என்று நினைத்தேன். என்னோடு வேலை செய்தவரின் மைத்துனர் ஒருவர் வியாபாரமாகக் கொழும்புக்கும் அட்டனுக்கும் போகிறார் என்று தெரிந்தது. அவரிடம் கொடுத்தேன். "இது சுனாமிக்கு வந்த பணம். கடிதம் பின்னால வரும்னு சொல்லுங்க" என்றேன். நோட்டுகளை உறையில் வைத்து ஒட்டும்போது பழக்கத்தில் கை ஒற்றை ரூபாயைத் தேடியது. எடுத்தேன். இது சாவுப் பணம் அல்லவா என்று திரும்ப வைத்துவிட்டேன். வழக்கத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை, தம்பி. இன்றைக்கும் அதை நினைத்துத்தான் எனக்கு ஆறவில்லை.

கடிதம் பின்னால் போகவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று போனது. நடுவில் நாம் டெய்ரி ஃபார்முக்கு மாறி வந்தோம். இலங்கையில் சண்டை முற்றி, போகிற வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இதற்குள் எனக்கு அக்கா மேல் ஒரு கோபமும் வந்திருந்தது. இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பணம் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அந்த மைத்துனர் சொல்லிவிட்டார். வாங்கிக்கொண்டவள் என்ன பணம், ஏன் அனுப்பினாய், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மனசுக்குள் அவளோடு சண்டை போட்டேன். சுனாமி வந்தது அவளுக்கும் தெரியும்தானே, ஒரு கடிதம் போடக் கூடாதா என்று நினைத்தேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே சில வருஷங்களை ஓட்டிவிட்டேன். எழுதாமல் இருக்க அது தோதாக இருந்தது.

சண்டை ஓய்ந்த பிறகு பாஸ்போர்ட் எடுத்து, ஆபீஸில் அனுமதி வாங்கி, நான் மட்டும் போனேன். நீ அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அட்டனில் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் மலைப்பாதையில் நடந்தேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் நீளமான தகரக் கூரை தூரத்திலேயே தெரிந்தது. சின்ன வயதில் பார்த்ததைவிட எல்லாம் சின்னதாக இருந்தது. மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெண் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். தாடை அப்படியே அக்காவுடையது. அவள் மகள் செல்வி என்று புரிந்தது.

"யாரு வேணும்?" என்றாள்.

"மாரியாயி வீடு இதானே?"

"அம்மா செத்துப் பத்து மாசமாச்சு. நீங்க யாரு?"

"அந்தமான்ல இருந்து வர்றேன்" என்றேன்.

அவள் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி வீட்டுக்குள்ளே சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அக்காவின் படம் பெரிதாக இருந்தது, மாலையோடு. அதற்குப் பக்கத்தில், காலேஜில் சேர்ந்தபோது எடுத்து அனுப்பிய என் படம். அதற்கும் மாலை இருந்தது. என்னுடைய மாலை பழசாகி, காகிதப் பூவெல்லாம் நிறம் போயிருந்தது.

செல்வி அழவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரில் நின்றுகொண்டு பேசினாள். "மூணு கடுதாசி போட்டாங்க சித்தி. ரேடியோவுல சொன்ன அன்னிக்கே ஒண்ணு, அப்பறம் ரெண்டு. ஹட் பேன்னு போட்டு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. அந்தப் பொங்கலுக்குப் பணமும் வரல. அப்பவும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தாங்க. கடைக்காரர் கூப்பிட்டு, சுனாமிப் பணம் வந்திருக்குன்னு குடுத்தாரு. பஸ் ஸ்டாண்டுலயே பிரிச்சாங்க. நோட்ட எண்ணவே இல்ல. உறையத் தலைகீழாக் கவுத்துக் கவுத்துப் பாத்தாங்க. ரூவா விழல. ரோட்டுலயே உக்காந்துட்டாங்க."

அந்த மூன்று கடிதத்தில் ஒன்றுகூட எனக்கு வந்து சேரவில்லை, போட்ட விலாசத்தில் வீடே இல்லை.

"நாங்க சொன்னோம், யாருக்கு என்னன்னு தெரியாதேம்மா, அவசரப்படாதீங்கன்னு. ரூவா வைக்கிற கை சின்னவ கை, கை இருந்தா ரூவா வந்திருக்கும்னு சொல்லிட்டாங்க. அந்தக் காசுலதான் உங்களுக்குக் கருமாதி செஞ்சாங்க. மாரியம்மன் கோயில்ல வச்சு லயத்துக்கே சோறு போட்டாங்க. அவுங்க அன்னிக்குச் சாப்பிடல." பிறகு, நான் வந்ததிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டாள். "ஒரு ரூவாதானே சித்தி. போட்டு அனுப்பியிருக்கக் கூடாதா?"

அது சாவுப் பணம்தான், ஆனால் என் சாவு இல்லை, என் மகளுடையது என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். தேவி இல்லை என்று என் சொந்தத்தில் ஒருவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்க வேண்டியவள் சுவரில் இருந்தாள். செல்வி அதற்குப் பிறகுதான் அழுதாள். என் கோபம், அவள் கோபம் எல்லாம் அந்த டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது. கிளம்பும்போது என் படத்திலிருந்த மாலையைக் கழற்றி அடுப்பில் போட்டாள். ஆணியில் படம் மட்டும் இருந்தது. "இத எங்க மாட்டுறது சித்தி? அம்மா பக்கத்துல செத்தவங்க வரிசைல இருக்கே" என்றாள். எங்கேயாவது மாட்டு என்றேன். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே என் ஒற்றை ரூபாய்கள். தாத்தா காலத்துப் பெரிய நாணயங்கள் அடியில், பிற்பாடு வந்த சின்னவை மேலே. அக்கா ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை, முட்டாய் வாங்கவில்லை.

இவ்வளவையும் உன்னிடம் மறைத்து, நல்லா இருக்காங்க என்றேன். அப்போது தங்கை போய் ஏழு வருஷமாகியும் நீ அவள் பெயரை வீட்டில் சொல்ல மாட்டாய். உன் மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். தாத்தாவுக்கும் நல்ல எண்ணம்தான், உனக்கும் நல்ல எண்ணம்தான். நம் வீட்டில் கெட்ட எண்ணத்தால் யாரும் யாரையும் வருத்தியதில்லை. பயந்துடுவாங்க என்று நினைத்து நினைத்தே, பயப்படுவதற்குக்கூட ஆள் இல்லாமல் செய்துகொண்டோம். தபன் சொன்னதைக் கேட்டு நான் பயந்தேன், உண்மைதான். ஆனால் அவன் வந்த நாளுக்கு முதல் நாள், 'அப்ப நல்லாத்தான் இருக்கான்' என்று உன் அப்பா சொல்ல, நானும் தலையாட்டிக்கொண்டு மறுபடி கோப்பு கட்டினேனே, அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. நீ கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறாய். எனக்கு பேங்க் மெசேஜ் வருகிறது, நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அக்கா உறையைக் கவிழ்த்தாவது பார்த்தாள். நான் அதுகூடச் செய்யவில்லை.

நீ முதலில் அனுப்பிய பணத்தில் கூரைக்குத் தகடு மாற்றினோம், உனக்குத் தெரியும். இந்த இரண்டு மாதப் பணத்தை நாங்கள் எடுக்கவில்லை. தபன் சொன்ன பிறகு எடுக்கவும் மனசில்லை. அது யார் யாருடைய பணம் என்று தபனிடம் கேட்டு, அவன் அக்கவுண்டில் போட்டுவிட்டேன். கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவான். உனக்குத் திரும்பி வர வேண்டும் என்றால் டிக்கெட்டுக்கு என்னிடம் இருக்கிறது. அங்கேயே வேறு வேலை தேடிப் பார்க்கிறேன் என்றால் பார். வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. ஹேவ்லாக்கில் பழைய ரிசார்ட்டில் ஆள் கேட்கிறார்கள் என்று தபன் சொன்னான், அதையும் உன் காதில் போட்டுவைக்கிறேன். எது செய்தாலும் சொல்லிவிட்டுச் செய். அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல்ல வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன். அவர் அதிகம் பேச மாட்டார். "சரி, சாப்டியா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்.

இனிமேல் ஒரு மாதம் பணம் அனுப்பினால் அடுத்த மாதம் அனுப்பாதே, வேலை கிடைத்த பிறகும்கூட. இது என்ன கிறுக்குத்தனம் என்று உனக்குத் தோன்றும். பணம் வராத மாதங்கள் எங்களுக்கும் பழக வேண்டும், உனக்கும் பழக வேண்டும். அந்த மாதங்களில் கூப்பிடு. சாம்பாரில் உப்பு கூடியதைச் சொல். மூட்டை தூக்கித் தோள் வலிக்கிறது என்று சொல். நான் 'ஐயோ' என்பேன், ஒரு ராத்திரி தூங்க மாட்டேன், மறுநாள் எழுந்து ஆபீஸ் போவேன். அவ்வளவுதான் ஆகும். அதைத் தாங்க முடியாதவள் என்று என்னை நினைக்காதே.

வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிற தபன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன். உறையைப் பிரித்ததும் கவிழ்த்துப் பார். காகிதத்தில் மடித்து ஒரு ரூபாய் இருக்கும். டப்பாவில் அடியில் கிடந்த பெரிய நாணயம், ஏழு வயதில் நான் என் கையால் மடித்து அக்காவுக்கு அனுப்பியதாக இருக்கலாம். இதோடு சேர்த்து அனுப்ப வேறு பணம் வைக்கவில்லை. நீயும் வெறுங்கையோடு கூப்பிடு.

அம்மா